தீர்வு காணப்பட்டது

'தீர்வு' என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டிவி விவாதத்தில் யாராவது "இதற்குத் தீர்வுதான் என்ன?" என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறேன். அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் தப்பாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் கேள்விக்குக் கீழே 'தீர்வு' என்று போட்டு விடை இருக்கும். நான் அதை நம்பி வளர்ந்தவள். அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று செஞ்சியில் ஒரு அரசு அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் போனபோதுதான் தெரிந்தது.

எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். பி.காம் மூன்றாம் வருடம். செமஸ்டர் லீவில் எல்லாரும் ஏதாவது ஒரு ஆபீசில் வேலை பழகி சர்ட்டிபிகேட் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கடைவீதிப் பிள்ளைகளுக்குக் கவலையில்லை. மாமா கடை, சித்தப்பா கடை என்று போய் உட்கார்ந்து பில் போட்டுவிட்டு, கடை முத்திரையோடு சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டார்கள். எனக்குக் கடை வைத்திருக்கும் மாமா யாரும் இல்லை. துறைத்தலைவர் பாவம் பார்த்து அந்த அரசு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

நைனாவிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். தளம் போடுவதற்கு முன்னால் பலகையும் கம்பும் அடித்து முட்டுக்கொடுக்கும் வேலை. கையில் எப்போதும் ஆணிக் காயம் இருக்கும். கை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்த ஆபீசு? நம்ம மனுவெல்லாம் போவுதே, அந்த ஆபீசா?"

"ஆமா நைனா. ஆனா வேலை இல்ல. ட்ரெயினிங்தான். சம்பளம் கெடையாது."

"சம்பளம் கெடக்குது உடு. உள்ள ஆள் இருக்குதுல்ல."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். உள்ளே ஓர் ஆள். ஏன் என்று கேட்டால் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் அவலூர்பேட்டை போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் தனி, எங்கள் தெரு தனி. எங்கள் தெருவில் யாராவது செத்தால் அடக்கம் செய்யும் இடம் ஏரிக்குப் பக்கத்தில். அங்கே போக வழி கிடையாது. நடுவில் ஒருத்தருடைய நிலம். அந்த நிலத்து வரப்பின் மேல்தான் பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வரப்பில் ஒருத்தர் பின்னால் ஒருத்தர்தான் நடக்க முடியும். பாடையை நாலு பேர் தூக்க வேண்டும். மீதிப் பேர் எங்கே கால் வைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பயிர் இல்லாத மாதத்தில் செத்தவர்கள் புண்ணியவான்கள்.

என் அம்மா புண்ணியவதி இல்லை. நான் ப்ளஸ் டூ படிக்கும்போது, ஐப்பசி அடைமழையில் போனாள். நட்டு வேர் பிடித்த பயிர் நின்றுகொண்டிருந்தது. நிலத்துக்காரர் குடை பிடித்துக்கொண்டு வரப்பு முனையில் நின்று, பயிரை மிதிக்காமல் போகச் சொன்னாராம். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால் நான் பார்க்கவில்லை. நைனா வழுக்கிவிட்டார். பாடை சாய்ந்து அம்மா சேற்றில் விழுந்தாள். தூக்கி வைத்து, முகத்துச் சேற்றைத் துண்டால் துடைத்துக் கொண்டுபோனார்களாம். நைனா இதை இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டை அவரே துவைத்தார். துவைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் எங்கே மனுநீதி முகாம் போட்டாலும் நைனா அன்றைய கூலியை விட்டுவிட்டு மனு கொடுக்கப் போய்விடுவார். சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும். அவ்வளவுதான் மனு. எழுதுவது நான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று தெருவில் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தருக்கு ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டும், ஒருத்தருக்குத் தெருவிளக்கு, பக்கத்து வீட்டு அத்தைக்கு விதவை உதவித்தொகை. எல்லா மனுவின் கடைசியிலும் கைப்பேசி எண் எழுதும் இடம் வரும்.

"உன் நம்பரையே போடும்மா. எங்க நம்பரு ரீசார்ஜ் இல்லாம செத்துக் கெடக்குது" என்பார்கள்.

சரிதானே என்று போட்டேன். ஏதாவது தகவல் வந்தால் நான்தான் படித்துச் சொல்லப்போகிறேன். அப்படி எங்கள் தெருவின் குறைகள் எல்லாம் என் ஒரு நம்பரில் வந்து நின்றன.

இன்டர்ன்ஷிப் முதல் நாளே செல்போன் கூடாது என்றார்கள். முன்னால் வந்த எவளோ ஒருத்தி பீரோக்களுக்கு நடுவில் ரீல்ஸ் எடுத்துவிட்டாளாம். அவள் நன்றாக இருக்கட்டும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். நைனா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

வேலை பழகுவது என்றால் என்ன என்று கற்பனை செய்துகொண்டு போயிருந்தேனோ தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். அதை யாராவது பார்க்க வந்தால் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் நிற்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்தேன். காகிதங்களைக் கோத்து நூல் கட்டினேன். ஆபீஸ் அதிகாரியான சார் வரும்போது எழுந்து நிற்கப் பழகினேன். சாருக்கு என் பெயர் கடைசிவரை தெரியாது, "ட்ரெயினிங் பொண்ணு" என்றுதான் கூப்பிட்டார். ஜன்னல் வழியாக ராஜகிரி கோட்டை தெரியும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டேன்.

மனுப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். அவர் ஒப்பந்தப் பணியாளர்தான். சுள்ளென்று பேசுவார், ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூடியில் எனக்கு ஒரு பங்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். எனக்கு வேகமாக டைப் வரும் என்று தெரிந்ததும் அவர் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். ஒரு நாள் அவர் டீ குடிக்கப் போனபோது என் நம்பரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். எங்கள் தெரு முழுக்க வரிசையாக வந்தது. நைனாவின் மனு இருந்தது. பொருள்: மயானப் பாதை. நிலை: பரிசீலனையில்.

சாயங்காலம் நைனாவிடம் சொன்னேன்.

"பரிசீலனைன்னா?"

"யோசிச்சிக்கினு இருக்காங்க."

"யோசிக்கட்டும். தூக்கிப் போடலயே, அதுவே பெருசு."

அதன் பிறகு அக்கா எழுந்து போகும்போதெல்லாம் அந்த வரியை ஒரு முறை பார்த்துவைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அது அங்கேயே இருக்கும். எனக்கு அதில் ஒரு தெம்பு. முட்டாள்தனமான தெம்புதான், ஆனாலும் சொல்கிறேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் காலையில் ஆபீசே பரபரப்பாக இருந்தது. மறுநாள் மேலதிகாரிகள் கூட்டம். சார் மேசைக்கு மேசை போய்க் கத்திக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கூப்பிட்டு அவருடைய லாகினைத் திறந்து கொடுத்தார்.

"இந்தா, பரிசீலனைன்னு இருக்கறது எல்லாத்தையும் தீர்வுன்னு மாத்து. நீ வேகமா பண்ணுவ."

"எல்லாத்துக்கும் தீர்வு வந்துடுச்சாக்கா?"

"மேல இருந்து சொல்லிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள பெண்டிங் ஜீரோ இருக்கணும்."

நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். மேலே இருக்கிறவர்கள் இத்தனை மனுவையும் படித்துவிட்டார்கள், எல்லாவற்றுக்கும் ஆணை போட்டுவிட்டார்கள், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் பாக்கி என்று நினைத்தேன். சிரிக்கலாம். இருபது வயதில் தீர்வு என்றால் எனக்குக் கணக்குப் புத்தகம்தான். கேள்வி இருந்தது, விடை வந்துவிட்டது.

அன்றைக்குப் போல நான் எந்த வேலையையும் சந்தோஷமாகச் செய்ததில்லை. ஒரு பக்கத்தில் இருக்கும் மனுக்கள் அத்தனையையும் ஒரே டிக்கில் மாற்றிவிடலாம். அவலூர்பேட்டைப் பக்கத்து ஊர்கள், தளவானூர் பக்கத்து ஊர்கள் என்று பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. யாரோ ஒருத்தருக்கு வீடு கிடைத்தது, யாரோ ஒருத்தர் தெருவுக்குத் தண்ணீர் வந்தது, என் விரலால் வந்தது. எங்கள் ஊர் வந்ததும் நிறுத்தினேன். நைனாவின் மனுவை மட்டும் கூட்டத்தோடு சேர்க்காமல் தனியாகத் திறந்து, மெதுவாக டிக் போட்டு, தீர்வு என்று மாற்றினேன். அம்மா ஞாபகம் வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா பார்த்துவிட்டு, "கண்ணு எரியுதா? கொஞ்ச நேரம் வெளிய பாரு" என்றார்.

நான் ஒவ்வொரு பக்கத்தையும் மாற்ற மாற்ற, மனுதாரரின் நம்பருக்குக் குறுஞ்செய்தி போகும் என்பது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருவே நிற்கிறது. மழை விட்டிருந்தது. நைனா நடுவில், என் போனைக் கையில் வைத்துக்கொண்டு. வேலை இடத்தில் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பயந்துபோய் டீக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றாக அவர் படித்திருக்கிறார். தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு தீர்வு காணப்பட்டது. தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு தீர்வு காணப்பட்டது.

"உள்ள பூந்து முடிச்சிட்டாளே!" என்று யாரோ சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு அத்தை என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எனக்கு வந்த மெசேஜ் எதும்மா? படிச்சிக் காட்டு" என்றார். எல்லாம் ஒரே வாசகம்தான். அவர் மனு எண் இருந்ததைத் தேடி எடுத்துப் படித்தேன். திரும்பப் படிக்கச் சொன்னார். திரும்பவும் படித்தேன்.

நைனா வீட்டுக்குப் போனதும் அம்மா படத்தின் முன்னால் போனை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் சோறு போட்டுக் கூப்பிட்டேன். "இரு பாப்பா, வரேன்" என்றார். அவர் முகத்தை அப்படி ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் கூட்டம் நல்லபடியாக முடிந்துவிட்டது. சார் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். நான் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, எங்க ஊர்ல பாதை எப்ப போடுவாங்க?"

"எந்தப் பாதை?"

"நேத்து தீர்வு ஆச்சே. மயானப் பாதை."

அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது உங்க வீட்டு மனுவா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தீர்வுன்னா மனு முடிஞ்சிதுன்னு அர்த்தம்டி. பாதை போட்டாச்சுன்னு இல்ல. எங்களுக்குப் பெண்டிங்தான் கணக்கு" என்றார்.

"அப்ப நடவடிக்கை எடுக்கப்பட்டதுன்னு போவுதே?"

"மனுவ முடிச்சதுதான் நடவடிக்கை."

அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதை நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தெருமுனையில் இறங்கும்போதே டிராக்டர் நிற்பது தெரிந்தது. நிலத்துக்காரர் வரப்பு ஓரமாகக் கல்லுக்கால் நடுகிறார். முள்கம்பிச் சுருள் கீழே கிடக்கிறது.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் நைனா அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். சண்டைக்கு இல்லை, தகவல் சொல்லத்தான். பாதை எந்தப் பக்கமாக வந்தால் உங்களுக்குச் சௌகரியம், பயிர் அறுத்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கப் போயிருக்கிறார். போனை நீட்டி மெசேஜைக் காட்டியிருக்கிறார். நிலத்துக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, சரி என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மத்தியானத்துக்குள் கல்லுக்கால் வந்துவிட்டது. திட்டிக்கொண்டாவது இதுவரை வரப்பில் விட்டார். இனி அதுவும் கிடையாது.

நைனா தெருமுனையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பதறவில்லை.

"ஆர்டர் வந்த கோவத்துல பண்றான். ஜேசிபி வந்தா கல்லு நிக்குமா?" என்றார்.

"ஜேசிபி வராது நைனா."

"ஏன்?"

சொன்னேன். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "முடிச்சிட்டாங்கன்னா, போட்டுட்டாங்கன்னுதானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன இன்னாத்த முடிச்சாங்க?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அவர் மேலேயே காட்டினேன். எதற்கு அவனிடம் போய்ப் போனைக் காட்டினாய், என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று தெருவில் வைத்துக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பக்கத்து வீட்டு அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் பணம் வந்துவிட்டதோ என்று அத்தை வாசலுக்கு வந்துவிடுவார். இன்டர்ன்ஷிப் முடியப்போகும் வாரத்தில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்தபோது, மூச்சுத்திணறலில் செத்துப்போனார். கடைசிவரை உதவித்தொகை வந்துவிட்டது என்றும் எங்கோ வழியில் இருக்கிறது என்றும்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் சுடுகாடு. இந்தப் பக்கம் பாடை. நிலத்துக்காரர் வீடு பூட்டியிருந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் போனார்கள், அவர் வந்தால்தான் என்றார்கள். போலீசுக்குப் போன் செய்தார்கள், வருகிறோம் என்றார்கள். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும். கடைசியில் ஏரிக்குள் இறங்கிவிட்டார்கள். ஏரி நிரம்பியிருந்தது. தெருமுனையில் பெண்களோடு நின்றுகொண்டு நான் பார்த்தேன். அம்மாவுக்குப் பார்க்காததையும் சேர்த்துப் பார்த்தேன். பாடையை நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். முன்னால் வலது பக்கம் நைனா. தண்ணீர் அவர் மார்புவரை இருந்தது. பிறகு அவர் தலையும் கையும் மட்டும் தெரிந்தது.

நனைந்துபோய்த் திரும்பி வந்தவர் உடம்போடு ஒட்டிக்கிடந்த சட்டையைக் கழற்றினார். நான் துண்டு கொடுத்தேன். வாங்கித் துடைத்துக்கொண்டே, "தண்ணியில போனதும் நல்லதுதான். யாரும் வழுக்கி வுழல" என்றார். வழுக்குவதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தீர்வுன்றத அழிக்க முடியாதா பாப்பா? பழையபடி யோசிச்சிக்கினே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். என் லாகினில் அந்த வசதி இல்லை, என் கையில் இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, தானே கம்ப்யூட்டரைத் திறந்து முயன்று பார்த்தார். மாற்ற முடியவில்லை. தீர்வு ஆனதைத் திறக்க வழியே வைக்கவில்லை. புதிதாக மனு கொடுத்தாலும் அதே ஊர், அதே நம்பர், அதே பொருள் என்றால் 'ஏற்கெனவே தீர்வு காணப்பட்டது' என்று தானாகவே பதில் போய்விடுமாம். "வேற நம்பர் போட்டுக் குடுத்துப் பாரு" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

கடைசி நாள் சார் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். பெயரை எழுத வேண்டியிருந்ததால் அன்று என் பெயரைக் கேட்டார். கோபுர முத்திரை, பச்சை மை. அதை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கிழித்துப் போட்டுவிடலாமா என்றிருந்தது. கிழித்தால் இந்த செமஸ்டர் பாஸ் ஆகாது. பையில் வைத்துக்கொண்டேன்.

நைனா அன்று சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து சர்ட்டிபிகேட்டை ஓரத்தில் பிடித்து வாங்கினார். முத்திரையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா எழுதியிருக்குது? படி."

படித்தேன். இம்மாணவி எமது அலுவலகத்தில் பயிற்சி பெற்றார் என்றும், நிலுவையில் இருந்த மனுக்களைத் தீர்ப்பதில் சிறப்பாகப் பணியாற்றினார் என்றும் சான்றளிக்கப்படுகிறது.

நைனா அதைத் திரும்ப வாங்கி, படிக்கத் தெரிந்தவரைப் போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடிக்காமல் அம்மா படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

"நம்ம மனுவ யாரு முடிச்சதுன்னு கேட்டியா அங்க?" என்றார்.

"நான்தான் நைனா" என்றேன்.